மூன்றாவது பொத்தான் சிவப்பு

அன்று கல்யாண மண்டபத்தின் பின்கதவு நடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: மணப்பெண்ணின் பெரியப்பாவாகிய நான், என் தம்பி, அதாவது பெண்ணைப் பெற்றவன், தம்பியின் மனைவி, என் தங்கை, தங்கையின் கணவர், அதாவது உறவினர் அனைவரும் 'நாளைக்கு' என்று அழைக்கும் என் மச்சான், பிறகு மணப்பெண். கதவுக்கு வெளியே, பனியில், போட்டோ எடுக்கும் பெண். வேறு ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா தானும் அங்கே நின்றதாகவும், எல்லாவற்றையும் கண்ணால் கண்டதாகவும் போகும் இடமெல்லாம் சொல்லிவருகிறார். அவர் அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தார். முதல் பந்தியிலும் அவரைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் கோட்டுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு நல்ல கம்பளிக் கோட்டு உண்டு. சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் தாயார், சம்பந்தம் பேச முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவையெல்லாம் வாசல் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. அந்த அம்மாள் உள்ளே வரும்போது என் கோட்டின் கைப்பகுதியை லேசாக விரலால் தொட்டார். பிறகு கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த விரலைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். துடைப்புக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே கல்யாணத்துக்கு முன் எல்லாக் கோட்டுகளையும் சலவைக் கடைக்குக் கொடுக்க உத்தரவிட்டேன். அது சரியான உத்தரவுதான். சலவைக் கடைக்காரர் தன் கடைப் படியிலேயே பனியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்வார் என்பதும், கடைச் சாவி அவர் சட்டைப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் என்பதும் யாருடைய கணக்கிலும் வராது. தம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கத்தில் இருக்கிறார் என்றார்கள்.

"தட்டி எழுப்பவா முடியும்ணே?" என்றான் திரும்பி வந்து.

"எழுப்ப வேண்டாம். நம்ம மானம் அவர் மயக்கத்தோட மயக்கமா இருக்கட்டும்."

மண்டபத்துக்குள் கணப்பு உண்டு, கோட்டு வேண்டாம். டாக்சியில் போர்வை போர்த்திக்கொண்டு போய், வாசலில் இறங்கும்போது போர்வைகளை டாக்சியிலேயே விட்டுவிட்டோம். கோட்டுகள் எங்கே என்று கேட்டவர்களிடம் "உள்ளே மாட்டியிருக்கிறது" என்றேன். அது உண்மை. சலவைக் கடைக்கு உள்ளேதான் மாட்டியிருந்தது.

மோதிரம் மாற்றினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் குறைவின்றி நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில்தான் போட்டோகாரப் பெண் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, கத்தினாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் பின்பக்கத் தோட்டத்துக்கு வாங்க! வெளிச்சம் போயிட்டு இருக்கு!"

"உள்ளேயே எடும்மா" என்றேன்.

"உள்ள வந்தா லென்ஸ் வேர்த்துடும் ஐயா. அப்புறம் உங்க வீட்டுப் பொண்ணு ஆவியிலே வெந்த மாதிரி வரும். பாருங்க, குளிர்ல செத்துப்போகக்கூடாதுன்னு பாட்டரியையே அக்குள்ல வச்சு அடைகாக்கறேன். நீங்க நடந்து வரக்கூடாதா?"

அவள் குளிர்காலக் கல்யாணங்களுக்கென்றே பேர்போனவள். தோட்டத்து மரம் பனியைச் சுமந்து வெள்ளையாய் நின்றது. அதன் கீழே மணப்பெண் தன் வீட்டார் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக நின்று ஒரு படம். கடைசியில் முன்வாசல் படிகளில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு படம். இதுதான் ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவள் மணப்பெண். அவளுக்கு மட்டும் மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கம்பளி மேலாடை இருந்தது.

நடைக்கு வந்து எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போது மச்சான் மட்டும் நிதானமாகப் போய், மூலையில் கிடந்த ஒரு மூட்டையை எடுத்து உதறினார். அது கோட்டாக விரிந்தது. பழுப்பு நிறம். பையிலிருந்து மிட்டாய்த் தாள்கள் உதிர்ந்தன. சலவைக்குக் கேட்டபோது "நாளைக்குத் தரேன்" என்று சொல்லித் தராமலே விட்ட கோட்டு. முன்பக்கத்து மூன்றாவது பொத்தான் எப்போதோ அறுந்து, என் தங்கை மெத்தை உறையிலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானைப் பிடுங்கித் தைத்திருந்தாள்.

"சோம்பேறித்தனத்தாலயும் ஒரு பிரயோஜனம் இருக்குன்னு இன்னைக்காவது ஒத்துக்கோ" என்றார் மச்சான் தன் மனைவியிடம்.

"முதல்ல அதைக் கழட்டுங்க. நான் போட்டுட்டு வரேன்" என்றாள் தங்கை.

இப்படித்தான் அது தொடங்கியது. நான் யோசனை சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. மச்சான் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். தங்கை வாங்கி மாட்டிக்கொண்டு போனாள். அவள் வந்ததும் தம்பி மனைவி. அந்தப் பெண் கல்யாணமாகி வந்த நாள்முதல் என்னிடம் நேராகப் பேசியதில்லை. நான் பக்கத்தில் நின்றாலும் தம்பி வழியாகத்தான் பேச்சு.

"உங்க அண்ணன்கிட்ட கேளுங்க, கழுத்துப் பட்டிலே வர்ற எண்ணெய் வாசனை போட்டோல தெரியுமான்னு."

"தெரியாது என்று சொல்" என்றேன் தம்பியிடம்.

தம்பி ஒல்லி, மச்சான் ஒருவருக்குள் அவனைப்போல் இரண்டு பேர் அடங்குவார்கள். போட்டோகாரப் பெண் அவனைத் திருப்பி நிறுத்தி, தன் பையிலிருந்த கிளிப்புகளால் கோட்டை முதுகுப்புறம் இழுத்துப் பிடித்துவிட்டாள். முன்னால் பார்த்தால் மந்திரி. பின்னால் பார்த்தால் துணிக்கொடி.

"அடுத்தது பெரியவர்!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

தம்பி கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அடுத்தவர் கோட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை."

"அடுத்தவரா? நான் உன் தங்கச்சி புருஷன், மச்சான்!" என்றார் 'நாளைக்கு'.

"அதனால்தான் சொல்கிறேன்."

மணப்பெண் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, கால் விரல்களைக் கணப்புக் குழாயில் வைத்துக்கொண்டாள். "பெரியப்பா, எல்லாரோடயும் எடுத்துட்டேன். உங்களோட மட்டும் இல்ல."

"குடும்பப் படத்தில் உன் பக்கத்தில் நிற்கிறேன். வாக்கு."

எப்படி நிற்பேன் என்று அப்போது யோசிக்கவில்லை. வாக்குக் கொடுக்கும்போது யோசிப்பவன் வியாபாரி.

போட்டோகாரப் பெண் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். நானும் உள்வழியாக முன்வாசல் கதவுவரை போனேன். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கணப்பு. அந்தப் பக்கம் பனி. படியில் சம்பந்தியம்மா கணுக்கால் வரை தொங்கும் மென்மயிர்க் கோட்டில் நின்று, கேமராவின் பின்பக்கத்தில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"என்ன சம்பந்தி, உங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி கோட்டா?"

"ஒரே துணியில் தைத்தது."

"மூணாவது பொத்தான் மட்டும் எல்லாருக்கும் சிவப்பா இருக்கே?"

போட்டோகாரப் பெண் அவசரமாக வானத்தைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

"அது எங்கள் குடும்ப வழக்கம்."

"அப்படியா! எத்தனை தலைமுறையா?"

"என் பாட்டனார் காலத்திலிருந்து."

அந்த மெத்தை உறை போன வருடம் வாங்கியது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

சம்பந்தியம்மாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு மரியாதை தோன்றியது. அதுதான் வினை. "இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லையே நீங்க! குடும்பப் படத்துல அஞ்சு சிவப்புப் பொத்தானும் வரிசையாத் தெரியணும். சீக்கிரம் எல்லாரையும் கோட்டோட கூட்டிட்டு வாங்க சம்பந்தி" என்றார்.

நான் நடைக்குத் திரும்பினேன். நேராகத்தான் நடந்தேன்.

"குடும்பப் படம் கிடையாது" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் தங்கை தலையில் கைவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "ஏண்ணே, பொத்தான் அறுந்துபோச்சு, வேற தச்சோம்னு சொல்லிட்டா போச்சு. பாட்டனாரை எதுக்கு இழுத்தே? பாவம், அவர் சட்டையே போட மாட்டாரு."

"நான் ஒருத்தன் மட்டும் கோட்டைப் போட்டுட்டுப் போறேனே?" என்றார் மச்சான்.

"அப்ப மத்த நாலு பேரும் எங்கேன்னு கேப்பாங்க" என்றான் தம்பி.

"கோட்டுக்குள்ள இருக்காங்கன்னு சொல்றேன்."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றாள் தம்பி மனைவி, "வயித்து வலின்னு படுத்துக்கலாம்."

"ஐந்து பேருக்குமா வயிற்று வலி? சாப்பாடு அவர்கள் செலவு. அது அவர்களுக்கு அவமானம்" என்றேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

மணப்பெண் கணப்பிலிருந்து காலை எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

"பெரியப்பா, நாளைக் காலையில நான் அவங்களோட போறேன். அந்த வீட்டுச் சுவத்துல மாட்ட எனக்குன்னு நான் கேட்டது இந்த ஒரு படம்தான். நீங்க வாக்குக் கொடுத்தீங்க. சரி, எடுக்க வேண்டாம். நீங்க இல்லாத படத்தை மாட்டிக்கறேன். யாராவது வந்து 'உன் பெரியப்பா எங்கே'ன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? அவருக்குக் கோட்டு இல்லன்னு சொல்லட்டுமா?"

கணப்புக் குழாய்க்குள் தண்ணீர் எதையோ சொல்லி முணுமுணுத்தது.

நான் சட்டைக் கைகளை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். கூடத்தைக் கடந்து, முன்வாசல் கதவைத் திறந்து, நிலைப்படியைத் தாண்டி, படிகளில் போய் நின்றேன். பனி என் தலையிலும் தோளிலும் விழுந்தது. அதைத் தட்டிவிடவில்லை.

சித்தப்பாவைத் தவிர மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கோட்டும் தொப்பியுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டு எங்கே சம்பந்தி?"

"எங்க வீட்டுப் பொண்ணோட நிக்கறப்ப எங்களுக்குக் குளிராது" என்றேன்.

பின்னால் கதவு திறந்தது. தம்பி, வெறும் சட்டையில். அவன் மனைவி. தங்கை. கடைசியாக மச்சான், கோட்டோடு. நான் திரும்பிப் பார்த்தேன்.

"மச்சான், நாளைக்குக் கழட்டினா ஆகாதா?"

"இன்றைக்கு" என்றேன்.

அவர் கழற்றிப் பக்கத்து மர இருக்கையில் போட்டார். அவர் ஒரு காரியத்தை அன்றன்றே செய்ததை எங்கள் குடும்பம் அன்றுதான் பார்த்தது.

சம்பந்தியம்மா எங்களைப் பார்த்தார். மணப்பெண் வந்து என் பக்கத்தில் நின்றதைப் பார்த்தார். விட்டுக்கொடுக்கும் பிறவி அல்ல அந்த அம்மாள். அதை அன்று முதல் நான் மதிக்கிறேன்.

"உங்க வீட்டுப் பொண்ணு எப்படி? கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப அவ எங்க வீட்டுப் பொண்ணு. எங்களுக்கு மட்டும் குளிருமா?" என்று கேட்டு, மேல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். "என்னடா எல்லாரும் மரம் மாதிரி நிக்கறீங்க? கழட்டுங்க!"

"அம்மா, எனக்கு ஏற்கெனவே சளி" என்றான் மாப்பிள்ளை.

"கழட்டுடா!"

மணப்பெண் சிரித்துக்கொண்டே தன் வெள்ளை மேலாடையைக் கழற்றினாள். எல்லாக் கோட்டுகளும் இருக்கையை நோக்கிப் பறந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பாவைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இழுத்துவந்து கழற்ற வைத்தார்கள். சம்பந்தியம்மா தம்முடையதைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு இருக்கையருகே போனார். அங்கே ஓரத்தில் மச்சானின் பழுப்புக் கோட்டு மல்லாந்து கிடந்தது, சிவப்புப் பொத்தான் மேலே தெரிய. அந்த அம்மாள் அதைப் பார்த்தார். குவியலில் வேறெங்கும் சிவப்பு இல்லை என்பதையும் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. என் முதுகு எவ்வளவு நேராக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அவர் தம் மென்மயிர்க் கோட்டை விரித்து, அந்தப் பழுப்புக் கோட்டின்மேல் போட்டு மூடினார்.

"பனி விழுது. நனைஞ்சிடப்போகுது" என்றார்.

வந்து என் பக்கத்தில் நின்றார். கைக்குட்டையை எடுத்து என் தோளில் கிடந்த பனியைத் தட்டிவிட்டார்.

"யாரும் சிரிக்கவேண்டாம்!" என்று கத்தினாள் போட்டோகாரப் பெண், அக்குளிலிருந்து பாட்டரியை எடுத்து மாற்றிக்கொண்டே. "பல்லு தானா ஆடுது! ஆடட்டும்! அப்படியே குதிங்க! பெரியவரே, நீங்களும்!"

நான் குதிக்கவில்லை. இரண்டு கால்களும் மாறி மாறித் தரையை விட்டு எழுந்தன, அவ்வளவுதான். அந்தப் படத்தில் என் பற்கள் தெரிகின்றன. குளிரில் தாடை விரிந்தது. அதில் வேறு பொருள் தேடவேண்டியதில்லை.

அந்தப் படம் இப்போது போட்டோகாரப் பெண்ணின் கடைக் கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறது. குளிர்காலத்தில் கல்யாணம் வைப்பவர்கள் வந்து, "அந்தக் கோட்டைக் கழட்டற சடங்கு எங்களுக்கும் வேணும்" என்று கேட்கிறார்களாம். செய்துகொள்ளட்டும். ஆனால் அது எங்கள் வீட்டில் தொடங்கியது என்பது நினைவிருக்கட்டும்.

படம் எடுத்து முடிந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா தன் கோட்டைத் தேடிக் குவியலை அடிவரை கிளறி, அந்த ஒற்றைச் சிவப்புப் பொத்தானைக் கண்டுவிட்டார். பேச்சு புறப்பட்டது அங்கிருந்துதான். பெண் வீட்டார் ஐந்து பேரும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவருகிறார்.

அது பொய். போட்டவர்கள் நான்கு பேர்.