முக்கால் ஞானி

என் வீட்டுக்காரர் பொன்ராஜுக்குக் கோபம் போய்விட்டது. பல்வலி போவது மாதிரி ஒரு நாள் காலையில் போனது, திரும்பி வரவில்லை.

எங்கள் அசோக் நகர் தெருவுக்கு இவர் குரல்தான் காலைச் சங்கு. ரங்கநாதன் தெருவிலிருக்கும் எங்கள் பாத்திரக் கடைக்குக் கிளம்பும் முன் சட்டைப் பொத்தானுக்கு ஒரு கத்தல், காப்பிக்கு ஒரு கத்தல். மீன் கூடையோடு வரும் தேசம்மா அந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் வாசலில் கூடையை இறக்குவாள். மனுஷன் கெட்டவர் இல்லை. பால் மாதிரி பொங்குவார், உடனே அடங்கிவிடுவார். பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் நான்.

ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதும், எதிர்க்கடை ஜவுளிக்காரர் ஜவஹர் இவரை மயிலாப்பூருக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு வீட்டு மாடியில் இலங்கையிலிருந்து வந்த புத்த பிக்கு ஒருவர் தங்கி, மூச்சைக் கவனிக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். விளையாட்டாகப் போனவர், அப்புறம் தினமும் விடியலில் பாயைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். எழுபத்திரண்டு ஆவணியில் ஒரு நாள் பாயைவிட்டு எழுந்து வந்து, "புஷ்பம், உள்ள ஏதோ முடிச்சு அவுந்த மாதிரி இருக்கு" என்றார். அன்றோடு கத்தல் நின்றது.

"இன்னாமா, ஐயா ஊர்ல இல்லியா? சத்தமே காணோம்" என்றாள் தேசம்மா.

"இருக்காரு. ஞானம் வந்துட்டு" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு மயிலாப்பூரில் நின்றது. பிக்குவுக்குச் சாப்பாடு கொடுக்கும் முறை எங்களுக்கு வந்தது. இவர் கை கழுவப் போன சமயம் பார்த்து, "சாமி, ஒருத்தருக்கு ஞானம் வந்துட்டுன்னு எப்படித் தெரியும்?" என்று பிக்குவிடம் கேட்டேன்.

"கூட இருந்துதான் அறியலாம், அம்மா. அதுவும் கனகாலம் கவனமாக இருந்து பார்க்க வேணும்" என்றார். "ஞானத்துக்கு நாலு படி. கோபம் வேரோடு போனவர் கடைசிப் படிக்கு முந்தின படியில் நிற்கிறார். அங்கே நிற்கிறவருக்கு விளையாட்டுக்குக்கூடப் பொய் வராது."

"கடைசிப் படியும் ஏறிட்டா?"

"பிறகு அவர் வீட்டில் இருக்க ஏலாது. அன்றைக்கே துறவியின் உடை உடுத்த வேணும். இல்லையென்றால் உயிர் உடம்பில் தங்காது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள்."

அன்பாகத்தான் சொன்னார். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஞானம் வந்தால் ஒன்று துறவு, இல்லாவிட்டால் சாவு. இரண்டிலும் இந்தத் தங்கபுஷ்பத்துக்கு இடம் இல்லை.

வீட்டுக்கு வந்து பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். வேட்டிக்கு நீலத்தைக் கொட்டினேன். வானம் மாதிரி நீல வேட்டியில் கடைக்குப் போய் வந்தார். ஒரு வார்த்தை இல்லை. குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். கடைசியாக என் தம்பி வைரவனை வரவழைத்தேன். இவருக்கும் அவனுக்கும் எங்கள் கல்யாணப் பந்தலில் ஆரம்பித்த சண்டை. அவன் பெயரைச் சொன்னாலே இவருக்கு மூக்கு சிவக்கும். அவனே படியேறி வந்தபோது இவர் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாப்ள. வெயில்ல வந்திருக்கீய, மொதல்ல மோர் குடிங்க" என்றார். வைரவன் அழுதேவிட்டான். நான் எத்தனையோ கோயிலில் வேண்டிக்கொண்ட காட்சி. அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அவன் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்னட்டி?"

"நீங்க என்னை விட்டுட்டுப் போயிருவீய."

பிக்கு சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் தலையில் கையை வைத்தார். போகமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் என்னை வதைத்தது.

மறுநாள் காலையில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"ஏட்டி! சீனி எங்கட்டி? இதை மனுசன் குடிப்பானா? பதினெட்டு வருசத்துல ஒரு காப்பி போடப் படிக்கலியே நீ!"

வாசலில் தேசம்மா கூடையை இறக்கும் சத்தம் கேட்டது. "வந்துடுச்சிமா கொரலு! சங்கரா கீது, எடுத்துக்கிறியா?"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்டாட்டி உலகத்தில் இருந்திருக்கமாட்டாள். டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஒரு வாய் குடித்தேன்.

சீனி சரியாக இருந்தது.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. இவருக்குக் கோபமே வரவில்லை. நான் அழுததைப் பார்த்துவிட்டு, வந்த மாதிரி காட்டியிருக்கிறார். அப்படியென்றால் அந்தப் படியில்தான் நிற்கிறாரா? அப்புறம்தான் பிக்கு சொன்ன மற்றது நினைவுக்கு வந்தது. விளையாட்டுக்குக்கூடப் பொய் வராது என்றாரே! இவர் என் முகத்தைப் பார்த்து, தெருவே கேட்க, முழுப் பொய் சொல்லியிருக்கிறார். எனக்காகச் சொல்லியிருக்கிறார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னும் இரண்டு கரண்டி சீனியைப் போட்டு, பாகாகக் கலக்கி எடுத்துப்போய் நீட்டினேன். குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"இப்பதான் சரியா இருக்கு" என்றார்.

இரண்டாவது பொய். கனகாலம் கூட இருந்து பார்க்க வேணும் என்று பிக்கு சொன்னாரே, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.