பிந்தி விழுந்த கால்

தாமக்லோ சாரின் கணினி அறைக்குள் நுழைய இரண்டு விதிகள் இருந்தன. செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். உள்ளே எந்த விளையாட்டை வேண்டுமானாலும் ஆடலாம், ஆனால் அதை நாமே செய்திருக்க வேண்டும்.

முதல் விதி மணலுக்காக. எங்கள் பள்ளிக்கு முன்னால் கடல், பின்னால் காயல். நடுவில் 'கேட்டா' என்கிற எங்கள் ஊர் முழுக்க மணல்தான். இரண்டாவது விதி எங்கள் வகுப்புச் செலோர்முக்காக. அவன் எங்கிருந்தோ ஒரு கார்ப் பந்தய விளையாட்டைக் கொண்டுவந்து கணினியில் ஏற்றினான். பாதி வகுப்பு பாடத்தை விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது.

சார் கோபப்படவில்லை. "கார் ஓட்டணுமா? தாராளமா ஓட்டு. முதல்ல காரைச் செய். அப்புறம் ரோட்டைப் போடு" என்றார்.

செலோர்ம் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து காரைச் செய்தான். அது ஒரு சிவப்புச் சதுரம். ரோடு போட அவனுக்குப் பொறுமை இல்லாததால் கார் வானத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நான் செய்தது ஆம்பே.

ஆம்பே ஆடத் தெரியாத பெண் எங்கள் ஊரில் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கைதட்டிப் பாடி, குதித்து, தரையில் விழும்போது ஒரு காலை முன்னே நீட்ட வேண்டும். இருவரும் ஒரே காலை நீட்டினால் ஒருத்திக்குப் புள்ளி. வேறு வேறு காலென்றால் மற்றவளுக்கு. அவ்வளவுதான் ஆட்டம். அந்த ஆட்டத்தில் நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கல்விப் பருவத்தின் கடைசி நாளையும் நாங்கள் 'நம்ம நாள்' என்போம். பாடம் கிடையாது. வீட்டிலிருந்து சோறும் கோழியும் பிஸ்கட்டும் கொண்டுவருவோம். மதியம் ஏ பிரிவும் பி பிரிவும் ஆம்பேயில் மோதும். பிரிவுக்கு ஐந்து பெண்கள். எங்கள் பி பிரிவின் தலைவி சித்சோஃபே. அந்த ஐவரில் ஒருத்தியாக ஒரே ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

"நீயா? ஜிக்போடி, உன் கால் எதுன்னு உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்டி" என்றாள் சித்சோஃபே.

"எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியில எழுதியிருக்கும். பஸ்ஸுல போர்டு மாட்டின மாதிரி."

அன்று அவளிடம் தோற்றுவிட்டுக் குனிந்து பார்த்தேன். நான் ஆடிய இடத்தில் மணலில் இரண்டு குழிகள். வலதுகால் குழி ஆழமாக இருந்தது. இடது பக்கம் ஒரு கோழி நடந்துபோனதுபோல லேசாகக் கீறியிருந்தது. மணலுக்குக்கூட என்னைப் பற்றித் தெரிந்திருந்தது. மணலால் முடிந்தது கணினியால் முடியாதா என்று அப்போதுதான் தோன்றியது.

அடுத்த நாளிலிருந்து கட்டளைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோக்க ஆரம்பித்தேன். திரையில் இரண்டு கால்கள். இடதுபக்கப் பொத்தானை அழுத்தினால் நம் இடதுகால், வலதுபக்கம் அழுத்தினால் வலதுகால். எதிரே கணினியின் கால். எதிராளி எந்தக் காலை வைத்தாள் என்பதை அது ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக்கொள்ளும். முன்பு இதே மாதிரி நடந்தபோது அடுத்து எந்தக் காலை வைத்தாள் என்று தேடிப் பார்க்கும். இப்போதும் அதையே வைப்பாள் என்று நம்பும்.

நம்பிக்கை வீண்போகவில்லை. முதல் நாளே என்னை அது துவைத்துப் போட்டது. தோற்ற பிறகு நான் எப்போதும் வலதுகாலைத்தான் வைக்கிறேன் என்று ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான் அதனோடு தினமும் ஆட வேண்டியிருந்தது. வேறு யாருக்கு அவ்வளவு தோற்கப் பொறுமை இருக்கும்? வலதை விட்டு இடதுக்கு மாறினால் அது இரண்டு ஆட்டத்தில் பிடித்துக்கொள்ளும். மாற்றி மாற்றி வைத்தால் அதையும் பிடிக்கும். கடைசியில் எரிச்சல் வந்து, காலைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன். அப்போது நூலகத்திலிருந்து எடுத்த ஒரு கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். பனி கொட்டும் தேசத்தில் ஒரு குதிரை வண்டிக்காரர் வழிதவறிப் போகிற கதை. நான் பனியைப் பார்த்ததில்லை. கேட்டாவில் யாருமே பார்த்ததில்லை. அந்தக் கதையின் முதல் பக்கம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. ஆடும்போது மனதுக்குள் அதை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனேன். சின்னச் சொல் வந்தால் இடதுகால். பெரிய சொல் வந்தால் வலது.

கணினி திணறியது. அது என்னைத்தான் படித்திருந்தது, அந்த வண்டிக்காரரை அல்ல.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. விளையாட்டு மட்டும் அறையில் பரவியது. முதலில் மாட்டிக்கொண்டவர்கள் பையன்கள். வெளியே ஆம்பே ஆடினால் கேலி செய்வார்கள் என்று பயம் அவர்களுக்கு. இங்கே பொத்தானை அழுத்துவதுதானே என்று வந்தார்கள். ஆனால் அழுத்தும்போதெல்லாம் குதித்தார்கள். செலோர்ம் நாற்காலியோடு குதித்தான்.

"உட்கார்ந்து ஆடுடா" என்றேன்.

"உட்கார்ந்துதான் ஆடறேன். நாற்காலிதான் எந்திரிக்குது."

கணினி அவனைத் துவைத்தது. ஏ பிரிவுப் பெண்களைத் துவைத்தது. தாமக்லோ சாரையும் விட்டுவைக்கவில்லை. ஜெயித்தால் அவர் மறுபடியும் அதே காலைத்தான் வைப்பார்.

செய்தி சித்சோஃபேவின் காதுக்குப் போனது. அவள் வேண்டாவெறுப்பாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"இதானா உன் சூரப்புலி?"

"ஆடிப் பாரு. அது உன்னை ஜெயிச்சா ஐஞ்சு பேர்ல எனக்கு இடம் தரணும்."

"தர்றேன். அது ஜெயிச்சா."

ஆட்டம் ஆரம்பித்தது. பத்துப் புள்ளிக்கு யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஐந்து வரை சமமாக வந்தார்கள். பிறகு கணினி இரண்டு புள்ளி முந்தியது. ஒன்பதில் கணினி நின்றபோது சித்சோஃபே பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"இது திருட்டு ஆட்டம்."

"என்னடி திருட்டு?"

"அதோட கால் எனக்கப்புறம் விழுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுபடி ஒருமுறை மெதுவாக அழுத்திக் காட்டினாள். அவளுடைய கால் திரையில் இறங்கியது. ஒரு கண்சிமிட்டல் கழித்துக் கணினியின் கால் இறங்கியது. அத்தனை பேர் ஆடியும் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. நானும்தான்.

அவள் சொன்னது உண்மை. பொத்தான் அழுத்தப்படும் வரை காத்திரு, பிறகு எந்தக் கால் என்று முடிவுசெய் என்றுதான் நான் கட்டளைகளைக் கோத்திருந்தேன்.

"அது உன் காலைப் பார்க்கலை. பழசை வச்சுத்தான் முடிவு பண்ணுது. சத்தியமா" என்றேன்.

"பார்த்துச்சோ பார்க்கலையோ, லேட்டுக் கால் லேட்டுக் கால்தான். வெளிய ஒருத்தி இப்படி ஆடினா என்ன செய்வோம்?"

அது எல்லோருக்கும் தெரியும். ஆம்பேயில் பிந்தி விழுந்த காலுக்கு மன்னிப்பு இல்லை. அந்தப் பெண் போய் உட்கார வேண்டியதுதான்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார். "கம்ப்யூட்டர் கேள்வின்னா நான் சொல்லுவேன். இது ஆம்பே கேள்வி. தலைவி சொல்றதுதான் தீர்ப்பு."

"அப்ப என் இடம்?"

"உன் மிஷினை ஒழுங்கா ஆடக் கத்துக்கொடு. அப்புறம் இடத்தைப் பத்திப் பேசலாம்" என்று சித்சோஃபே செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நம்ம நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. நான் எல்லாக் கட்டளைகளையும் பிரித்துப்போட்டேன். கணினி முதலில் தன் காலைத் தீர்மானித்து மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிராளியும் அழுத்திய பிறகு இரண்டு கால்களும் சேர்ந்து இறங்க வேண்டும். சேர்ந்து என்றால் எப்போது? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மணலில் அதைப் பாட்டும் கைத்தட்டலும் சொல்லும். கணினி ஊமையாக நின்றுகொண்டிருந்தது.

வேறு வழியின்றி அதைக் குறை சொன்னவளிடமே போனேன். அவள் பள்ளி வாசலருகே நின்று அபோலோ என்கிற சோளமாவு அப்பமும் பொரித்த சிறுமீனும் தின்றுகொண்டிருந்தாள்.

"உன் கை வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"மிஷினுக்குத் தட்டத் தெரியலை. நீ தட்டு, பதிவு பண்ணிக்கறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னைத் தோற்கடிக்க என் கையையே கேக்கறே."

"ஊர்ல உன்னை மாதிரித் தட்ட யாரு இருக்கா?"

"அது சரி" என்று விரல்களை நக்கிவிட்டு வந்தாள். பழைய ஒலிவாங்கியின் முன் நின்று தட்டினாள். முதல் பதிவில் மீன் வாசனை வருகிறது என்றான் செலோர்ம். இரண்டாவதில் அவன் சிரிப்புச் சத்தம் விழுந்துவிட்டது. மூன்றாவது சுத்தமாக வந்தது: மூன்று தட்டு, ஒரு சின்ன இடைவெளி, பிறகு கால். அந்த இடைவெளிக்குள் அழுத்தாதவர் பிந்தியவர். இந்த விதியைச் சொன்னதும் அவளேதான். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "இந்தக் கட்டளை எதுக்கு, அது எதுக்கு" என்று மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நம்ம நாளுக்கு முந்தின நாள் மறு ஆட்டம். கணினியிலிருந்து சித்சோஃபேவின் கைகள் தட்டின. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இம்முறை இரு கால்களும் ஒன்றாகவே இறங்கின. அவள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு நின்றபடி ஆடினாள். எதிராளியின் தோளையும் முகத்தையும் பார்த்தே கால் எதுவென்று படிப்பவள் அவள். திரைக்கு முகமில்லை. பத்துக்கு எட்டு என்று கணினி வென்றது.

அறை கூச்சலில் அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு மேடம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"திருட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை. சுத்தமான ஆட்டம்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். "இடம் குடுத்தாச்சு."

"எனக்கா?"

"உனக்கு எதுக்கு? ஜெயிச்சது மிஷின். இடமும் மிஷினுக்குத்தான். ஆனா பாரு, அதுக்குக் கால் இல்லையே."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவளும் சிரித்தாள், ஆனால் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "உனக்கு இடம் வேணும்னா உன் காலால வாங்கிக்கோ. வாடி."

செருப்புகளை மாட்டிக்கொள்ளாமலே இருவரும் மணலுக்கு ஓடினோம். வெயிலில் மணல் சுட்டது. சுற்றி வட்டம் கட்டினார்கள். சித்சோஃபே என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். குதிரைகள் கிளம்பின. தட்டினோம், குதித்தோம். சின்னச் சொல், இடது. புள்ளி எனக்கு. பெரிய சொல், வலது. அதுவும் எனக்கு. அடுத்தது அவளுக்கு. மறுபடி எனக்கு. அவளுடைய நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. பனி கொட்டக் கொட்ட வண்டி வழிதவறியது. என் கால் மட்டும் தவறவில்லை.

நடுவில் அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "உன் மூஞ்சியில போர்டு இல்லையே. ஆடும்போது எங்கடி போயிடறே?"

"பனி பெய்யற ஊருக்கு."

"அங்க என்ன வேலை?"

"ஒருத்தர் வழி தேடிட்டு இருக்கார்."

அவள் பாதத்து மணலைத் தட்டிவிட்டாள். "கிடைக்க வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அவருக்கு வழி கிடைக்கவே வேண்டாம்" என்றாள். பிறகு வட்டத்தைப் பார்த்து, "ஐஞ்சாவது ஆள் கிடைச்சாச்சு" என்று அறிவித்தாள்.

நான் குனிந்து மணலைப் பார்த்தேன். இரண்டு குழிகளும் ஒரே ஆழத்தில் இருந்தன.

மறுநாள் ஜொலோஃப் என்கிற தக்காளிச் சோற்றின் வாசனையும் ஒலிபெருக்கியின் இரைச்சலுமாகப் பள்ளியே திருவிழாவாக இருந்தது. பையன்கள் வெட்கத்தை விட்டு ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். தாமக்லோ சார் அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தார், அதே காலால். என் முறை வந்தது. சத்தத்தில் கதை எனக்குள் கேட்கவில்லை. முதல் மூன்று புள்ளிகளையும் விட்டேன்.

"பனிக்குப் போடி" என்று கத்தினாள் சித்சோஃபே. என்ன ஏது என்று தெரியாமலே செலோர்மும் கத்தினான். பிறகு பி பிரிவு முழுக்கக் கைதட்டிக்கொண்டே கத்தியது, பனிக்குப் போ, பனிக்குப் போ என்று. கடற்கரை வெயிலில், வியர்வை வழிய, நான் போனேன். வண்டிக்காரர் எனக்காகக் காத்திருந்தார். ஒரு சொல், ஒரு கால். ஒரு சொல், ஒரு கால். முதல் பக்கத்தின் கடைசி வரியில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிய ஆரம்பிக்கும். அந்த விளக்கு வருவதற்குள் என் ஆட்டம் முடிந்துவிட்டது. தோள்கள்மேல் தூக்கியவர்கள் என்னை இறக்கிவிடவே இல்லை.