ஒரு விரிப்பு, மூன்று எண்ணிக்கை

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் உபரி என்று ஆலோசகர் கண்டுபிடித்துவிட்டார். பெருமூச்சுக்குக்கூடக் கணக்குச் சொல்லும் அவருக்கு ஆட்கள் வைத்த பெயர் 'சதவீதம்'.

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில ஆறே பேர், தினம் ஆயிரத்து இருநூறு விரிப்பு. நீங்க ஒன்பது பேர், எண்ணூறு. அவங்கதாம்மா பெஞ்ச்மார்க். போய்ப் பார்த்துக் கத்துக்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை எந்த மூணு பேர்னு சொல்லிடுங்க."

மேற்பார்வைக்காரி இருபத்திரண்டு வருடத்தில் ஐந்து ஆலோசகர்களைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேருந்து மாறிப் போனாள்.

அங்கே ஆறு பேரில் இரண்டு பேருக்கு முதுகுப் பிடிப்பு. இயந்திரம் இவளுடையதைவிடக் கிழடு. ஆயிரத்து இருநூறு எங்கிருந்து வருகிறது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுக்காக வரும்போது நோட்டில் ஒரு கோடு. துவைத்து எடுக்கும்போது ஒரு கோடு. மடிக்கும்போது இன்னொன்று. ஒரே விரிப்பு ஒரே நாளில் மூன்று பிறவி எடுத்தது.

"என்ன தம்பி இது?" என்றாள் அங்கிருந்த மேற்பார்வையாளனிடம்.

"போன வருஷம் எங்களையும் யாரோடயோ ஒப்பிட்டாங்கக்கா. நாலு பேர் போயாச்சு. மிச்சத்தைக் காப்பாத்தணும்ல?" அவன் நோட்டை மூடினான். "மேல சொல்லிடாதீங்க."

சொன்னால் இவனுடைய ஆறு பேருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் தன்னுடைய மூன்று பேருக்கு. திரும்பும் பேருந்தில் யோசித்ததில் தலைவலிதான் மிச்சம்.

மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டு, கோடு போடச் சொல்லிக்கொடுத்தாள்.

"துவைக்கிறதை விட எழுதுற வேலை ஜாஸ்தியா இருக்கேக்கா?"

"வேலை இருக்கேன்னு சந்தோஷப்படு."

வெள்ளிக்கிழமை கணக்கு இரண்டாயிரத்து நானூறு. வார்டு நர்ஸ் மட்டும் வழக்கம்போல விரிப்பு பத்தவில்லை என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். ஆலோசகருக்கு அது காதில் விழவில்லை.

"இருநூறு சதவீத முன்னேற்றம்மா. மூணு பேரும் இருக்கட்டும். இனிமே நீங்கதான் எல்லாருக்கும் பெஞ்ச்மார்க்."

திங்கட்கிழமை போன் வந்தது. அந்தத் தம்பிதான்.

"அக்கா, உங்க இடத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டு வரச் சொல்றாங்க. இல்லைன்னா ரெண்டு பேரைக் குறைப்பாங்களாம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் வலித்தது.

"வா தம்பி. நாலாவதா எங்க எண்ணலாம்னு நீயும் யோசிச்சுக்கிட்டே வா."