ஞானப்பல்லோடு நாலு நாள்

பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை அவளுக்கு. பதினோரு வருஷமாக அவள் குரலைக் கேட்டுத்தான் ஜனம் பஸ் ஏறுகிறது. ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் கன்னம் வீங்கியபோது பல் டாக்டர், சீழ் கோத்திருக்கிறது, ஐந்து நாள் மாத்திரை போட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வா, பிடுங்கலாம் என்றார். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ விழுங்கச் சிரமமானாலோ காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்றும் எச்சரித்தார்.

ஐந்து நாள் தள்ளிப்போனதே அவளுக்கு நிம்மதி. பல்லைப் பிடுங்கப் போய்த் தன் மச்சானுக்கு உதடே மரத்துவிட்டது என்று டிக்கெட் கவுன்டர்க்காரர் கொளுத்திப் போட்டிருந்தார். உதடு மரத்துப்போனால் 'ப'வும் 'ம'வும் எப்படி வரும்? டாக்டரிடம் கேட்கவில்லை. ஆமாம் என்றுவிட்டால்?

இரண்டு நாள் ஒழுங்காக மாத்திரை போட்டாள். துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் வைத்தபடி மைக் முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வலி குறைந்தது. பிழைத்தோம், இனிப் பிடுங்க வேண்டாம் என்று மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம் மைக்கைப் போட்டாள். வாய் திறக்கவில்லை. சுண்டுவிரல் நுழையும் அளவைத் தாண்டித் தாடை அசைய மறுத்தது. எச்சில் தொண்டையில் முள்ளாய் நின்றது. தாடைக்குக் கீழே தொட்டால் கல் மாதிரி இருந்தது. அண்ணிக்குப் போன் போட்டாள். முனகல்தான் வந்தது.

அண்ணி பதறவில்லை. "பேசாதே. ஆபீஸ்லதான் இருக்கியா? ஆமான்னா ஒரு தட்டு தட்டு."

தட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணிதான் எல்லாம் சொன்னாள். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் சைகையில் பேனா கேட்டு உள்ளங்கையில் எழுதினாள்: உதடு மரத்துடுமா?

டாக்டர் படித்தார். "சிலருக்கு மரத்துப்போறது உண்டும்மா. அநேகமா சரியாகிடும். ஆனா இந்தச் சீழ் மூச்சுக்குழாயை அடைச்சா, உதட்டைப் பத்திக் கவலைப்பட நீங்க இருக்க மாட்டீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றே சீழை எடுத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். நாலு நாள் வார்டில் கிடந்தாள். பயந்தபடியே கீழுதட்டின் இடப்பக்கம் மரத்துத்தான் போனது. காபி வழிவதுகூடத் தெரியவில்லை. கண்ணாடி முன் நின்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், பாதி குழறியது. முதல் நாளே பல் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்று அண்ணி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

மூன்றாவது வாரம், மரத்துக் கிடந்த இடம் லேசாக அரித்தது. தேய்த்த துணியை மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் ஓடிப்போய், "அரிக்குது அண்ணி" என்று சொல்லி அழுதாள்.