மவுன்டில் ஒரு முடி

அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் தணிக்கையாளருக்குப் பிழைப்பு. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினாலே எதிரே இருப்பவர் பழைய ரசீதுகளைத் தேட ஆரம்பித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமை காலை, விமானத் திடலோரத் தகரக் கொட்டகையில், தன் கையால் கட்டிய விமானத்தின் மூக்குக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு தப்பு பளிச்சென்று தெரிந்தது. அது தப்பே இல்லை என்று தன்னிடமே வாதாடிக்கொண்டிருந்தார்.

முதலில் அதை முடி என்றுதான் நினைத்தார். நகத்தால் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. ஊதினார், பறக்கவில்லை. பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தபோது முடி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குமேல் அதை முடி என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

என்ஜினை விமானத்தின் உடம்போடு பிடித்து வைப்பது எஃகுக் குழாய்களால் ஆன ஒரு சட்டம். மவுன்ட் என்பார்கள். அதன் இடது கீழ் மூட்டில், குழாய்கள் வெல்டிங்கில் கூடும் இடத்தில்தான் விரிசல். மேலே போனபிறகு அந்த மூட்டு விட்டால், என்ஜின் ஒரு பக்கம் போகும், ஆட்கள் ஒரு பக்கம் போவார்கள். இரண்டுக்கும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதான்.

வேறு வாரமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றியிருப்பார். ஆனால் நாளைக்கு இரண்டாவது இருக்கையில் மனைவி உட்காரப் போகிறாள். மகளுக்குப் பால் பல் முளைத்தபோது ஆரம்பித்த வேலை இது. மகள் இப்போது பைக் ஓட்டுகிறாள். இத்தனை வருஷமும் மனைவி இந்த விமானத்தைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்லிவந்தாள். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர் தனியாகப் பறந்து சோதனையெல்லாம் முடித்தபிறகு, போன வாரம்தான் தானாகவே, "ஒரு தடவ ஏறித்தான் பாக்கறேன்" என்றிருந்தாள். அந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தவருக்கு ஒரு முடி வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

பெயின்ட் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூரிகையை முக்கி எடுத்தும் விட்டார்.

"என்ன மாமா, அழகுபடுத்தறீங்களா?"

மைத்துனர். பல் டாக்டர். நாளைய வைபவத்தைப் படமெடுக்க எங்கே நின்றால் நல்லது என்று இன்றே பார்க்க வந்திருந்தார்.

"சின்ன கீறல், மாப்ள."

மைத்துனர் குனிந்து பார்த்தார். பார்த்ததும் குரல் மாறியது. தொழில் குரல்.

"இது பல்லா இருந்தா என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"அடைப்பியா?"

"புடுங்கிடுவேன்."

"பல் இல்ல, மாப்ள."

"அதான் பயம். பல்லு விழுந்தா கஞ்சி குடிச்சுப் பொழச்சுக்கலாம்."

இருவரும் சிவப்பு மை பரிசோதனை செய்தார்கள். மூட்டின் பெயின்டைச் சுரண்டிவிட்டு, மையைத் தடவி ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளித்தார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மை திரும்பி வெளியே கசியும். கசிந்தது. டீச்சர் திருத்திய விடைத்தாள் மாதிரி ஒரு சிவப்புக் கோடு, குழாயைப் பாதி சுற்றி.

"அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"காத்து சரியில்லன்னு சொல்லலாமா?"

மைத்துனர் வெளியே பார்த்தார். காற்றின் திசை காட்டும் துணிப்பை திடலின் கம்பத்தில் துவண்டு தொங்கியது.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் அதையே சொன்னார். பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவளிடம், 'ஒன்றுமில்லை' என்கிற முகத்தோடு யாரும் ஜெயித்ததில்லை.

"ஏங்க, காத்துக்கு உங்க நகத்துல ஏன் சிவப்பு மை?"

சொல்லிவிட்டார்.

அவள் கத்தவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

முதன்முறையாகக் கொட்டகைக்குள் வந்தாள். சக்களத்தியை மேலும் கீழும் பார்த்தாள். டார்ச்சை வாங்கிச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"இந்த ஒரு மூட்டுதான். அந்தக் குழாய மட்டும் வெட்டி, மேல உறை போட்டு வெல்டு பண்ணிட்டா, ரெண்டே வாரம்" என்றார் அவர்.

அவள் விரல் அந்த மூட்டின் மேல் மெல்ல ஊர்ந்தது.

"வெல்டிங் வச்சா மேடா இருக்காதா? நம்ம கேட்டுல அப்படித்தானே இருக்கு. இங்க கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு?"

தணிக்கையாளர் தரையைப் பார்த்தார். மாலை வகுப்பில் வெல்டிங் கற்று, இந்தச் சட்டத்தை அவர்தான் பற்றவைத்தார். வேலை கெட்டியாகத்தான் இருந்தது. திடலில் யாரோ அதைப் பார்த்து, "கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருக்கே" என்று சிரித்தார்கள். அன்று மாலையே அரத்தை எடுத்து மேடுகளையெல்லாம் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்துவிட்டார். மூட்டின் பலமே அந்த மேட்டில்தான் என்று வகுப்பில் படித்தவர்தான். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவர்.

"அப்ப தேய்ச்சிருக்கீங்க. இது ஒண்ணத்தானா?"

ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். இரண்டு வாரத்தில் அவள் பக்கத்தில் இருப்பாள். முழுச் சட்டமும் புதிது என்றால் எத்தனை மாதம் ஆகுமோ. அதற்குள் அவள் மனசு மாறினால் போனது போனதுதான்.

"எல்லாத்தையும். கம்பளிப்பூச்சி மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க" என்றார்.

"பாக்கறதுக்கு நல்லா இருக்கணும்னா?"

"ஆமா."

"யாரு பாக்கறதுக்கு? இத மூடி போட்டுல்ல மூடறீங்க!"

அவர் டார்ச்சை வாங்கி அணைத்தார். பின்னால் நின்ற மைத்துனரிடம் பதில் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குச் சிரிப்பை அடக்கவே நேரம் சரியாக இருந்தது.

"புதுசு நீங்க செய்யவேணாம். தொழில் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. கம்பளிப்பூச்சியோ பல்லியோ, இருக்கறது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"நீ வருவியா, அப்பறம்?"

"முதல்ல இத கழட்டுங்க. பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பறப்பதைப் பார்க்க அழைத்திருந்த உறவினர் சிலருக்கு, வரவேண்டாம் என்று சொல்ல மைத்துனர் மறந்திருந்தார். சித்தப்பா ஒருவர் தொப்பியோடும் பைனாகுலரோடும் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே தணிக்கையாளர் மவுன்டின் கடைசி போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்ஜினைத் தூக்கும் கப்பிச் சங்கிலியைப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா, எப்ப பறக்கப் போகுது?"

போல்ட் வெளியே வந்தது. அவள் சங்கிலியை இழுத்தாள். என்ஜின் விமானத்தை விட்டுப் பிரிந்து, மெல்ல ஆடிக்கொண்டே மேலே எழும்பியது.

"பாருங்க சித்தப்பா, பறக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தலைல எறங்கிடப் போகுது."