நீல முதுகு

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மனித உரிமை நிலவரத்தைப் பார்வையிட வெளிநாட்டுக் குழு வருவதற்கு முன்னே, அந்தக் காவல் நிலையத்துக்குப் பெயிண்ட் வாசனை வந்துவிட்டது.

பெயிண்ட் அடிக்க வந்தவளுக்கு அந்த இடம் புதிதல்ல. ஒரு வாரமாக அவள் தம்பி அங்கேதான் கம்பிக்குப் பின்னால் இருந்தான். ஆலை வாசலில் வேலைநிறுத்தத்தின்போது மைக் பிடித்துப் பேசியவன். வழக்கு ஏதும் போடவில்லை. கேட்டால், "விசாரணை நடக்குதும்மா" என்ற ஒரே பாட்டு. தினமும் வாசலில் வந்து நிற்கிறவள், தொழிலும் பெயிண்ட் அடிப்பதுதான், வேறு ஆள் எதற்கு என்று இன்ஸ்பெக்டர் அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

'காரணம் சொல்லாமல் யாரையும் அடைத்து வைக்கக் கூடாது.' நாடுகள் எல்லாம் கூடிக் கையெழுத்துப் போட்ட சங்கதி. லாக்கப்புக்கு எதிர்ச் சுவரில் அதை எழுதச் சொன்னார்கள்.

"அக்கா, 'கூடாது'வை இன்னும் கொஞ்சம் பெருசா எழுது. இங்கேருந்து சரியா தெரியல" என்றான் தம்பி.

"வாயை மூடுடா. இந்த வாய்தான் உன்னை இங்க கொண்டாந்து விட்டுச்சு."

ஏட்டு அவள் பக்கமாகக் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நாளைக்குக் காலையில இவனைப் பின்னால சாமான் ரூம்ல பூட்டிடுவோம். குழு போனதும் தூரத்து ஜெயிலுக்கு அனுப்பறதா பேச்சு."

அதற்குப் பிறகு லாக்கப் சுவருக்கு எப்படி நீலம் அடித்து முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் பிரஷ் கழுவும்போதுதான் பார்த்தாள். பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்காக ஊற்றும் டிரையர், மூடி திறக்காமல் அப்படியே பையில் கிடந்தது. வேலை கெட்டுப்போனால் அந்தக் கோபமெல்லாம் தம்பி தலையில்தானே விடியும்?

காலையில் அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, லாக்கப் சுவரில் ஒரு முதுகு தெரிந்தது. சட்டையில்லாமல் இரவெல்லாம் சாய்ந்து தூங்கிய தம்பியின் அச்சு. துடைக்கப்போன ஏட்டின் கைக்குட்டை நீலம். தம்பியைச் சாமான் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனதில் கதவு நீலம், நாற்காலி நீலம், ஏட்டின் சட்டை நீலம்.

"என்னம்மா பெயிண்ட் அடிச்சே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டிரையர் ஊத்த மறந்துட்டேன் சார்."

குழுவின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டதாகப் போன் வந்தது.

"சார், எங்க ஒளிச்சாலும் அச்சு வச்சிடுவான்" என்றார் ஏட்டு. "பேசாம விட்டுடலாம். கேஸ்தான் எதுவும் போடலையே."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். அவர் பார்த்தது எதிர்ச் சுவரில் எழுதியிருந்ததை அல்ல, கடிகாரத்தை.

"கூட்டிட்டுப் போம்மா. பின்வாசல் வழியா."

வீட்டு முற்றத்தில் மண்ணெண்ணெய்த் துணியால் அவன் முதுகைத் தேய்த்தாள்.

"மெதுவாக்கா. தோல் வருது."

"வரட்டும்."

"உரிமையைச் சுவத்துல எழுதினா மட்டும் போதாது போல. முதுகுலயும் ஒட்டணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. குழு போய்விடும், சுவரும் காய்ந்துவிடும்; அது அவளுக்குத் தெரியாததல்ல. இன்றைக்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.

"அக்கா, பசிக்குது."

ஒரு வாரமாக அந்த வீட்டில் கேட்காத குரல். துணியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க எழுந்தாள்.