இடது கால்

வலது ஷூ சுலபமாக ஏறிவிட்டது. இடதுதான் ஏறவில்லை. ஜானெல் சவப்பெட்டிமேல் குனிந்து, அப்பாவின் குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறு கையால் ஷூவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விடு ஜானெல். கீழ்மூடியச் சாத்திடுவேன். இடுப்புக்குக் கீழ எவனுக்கும் தெரியப்போறதில்ல," என்றான் லாமர். கார்வர் பெண்ட் என்ற அந்தச் சின்ன ஊரில் சாவு வீட்டு வேலைகளை எடுத்துச் செய்கிற ஒரே ஆள் அவன்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன்.

"ஷூ இல்லாம அப்பா கூட்டத்துக்கு முன்னாடி நின்னதே இல்ல."

"இப்ப நிக்கப்போறதில்லையே."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பூ வளையங்களைச் சரிசெய்யப் போவதுபோல் நகர்ந்துகொண்டான்.

கறுப்பும் வெள்ளையுமான தோல் ஷூ. முதல் ரெக்கார்டு வந்த வருஷம் மெம்பிஸில் வாங்கியது. அடித்தோலை எத்தனை முறை மாற்றியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. காலுறையைச் சற்று இறக்கிப் பார்த்தபோது, கணுக்காலைச் சுற்றி ஒரு கருநீலப் பட்டை தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிய இடம். ஜானெல் காலுறையை மேலே இழுத்து அதை மறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஷூவை அழுத்தினாள். ஏறிவிட்டது.

வெர்லன் ஸ்ட்ரௌட் என்றால் ஊரில் கேஸ் வண்டிக்காரர். வீடு வீடாகப் போய்க் கொல்லைப்புறத் தொட்டிகளில் கேஸ் நிரப்பினவர். பருத்தி பொறுக்கிய கையோடு கிட்டார் பிடித்து, இருபது வயதில் அவர் எழுதிப் பாடிய 'குதிகால் தேய்ந்த சனிக்கிழமை' ஒரு கோடைகாலம் முழுக்க அறுபத்தேழாம் நெடுஞ்சாலையின் பீர்க் கடைகளில் ஓடியது. நாட்டுப்புறப் பாட்டுமில்லை, கறுப்பர்களின் புளூஸுமில்லை, இரண்டையும் சேர்த்துப் பிடித்து உலுக்கிய மாதிரி ஒன்று. ராக்கபில்லி என்று யாரோ பெயர் வைத்தார்கள். அடுத்த ரெக்கார்டு விற்கவில்லை. அதற்கடுத்ததைக் கம்பெனி வெளியிடவே இல்லை. ஜானெல் பிறந்தாள், பிறகு ரிக்கி பிறந்தான், அப்பா கேஸ் வண்டியில் ஏறிவிட்டார். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் பீர்க் கடைகள்.

ஐம்பது தாண்டிய பிறகு ஐரோப்பாவிலிருந்து கூப்பிட்டார்கள். தலையில் எண்ணெய் வழிய வாரிய பையன்கள் அங்கே ஆயிரக்கணக்கில் நின்று, விற்காத ரெக்கார்டின் பாட்டைக்கூட வரி தவறாமல் பாடினார்களாம். திரும்பி வந்தால் திங்கட்கிழமை மறுபடி கேஸ் வண்டி. "அங்க என்னத் தொட்டுப் பாக்குறானுங்க. இங்க என் வண்டிய மோந்து பாக்குறானுங்க, கசியுதான்னு," என்பார். இந்த ஊர் அப்படித்தான். தன் ஆளைத் தனக்கே தெரியாது.

ஜானெலுக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன. அம்மா ஓப்பல், பாப்டிஸ்ட் சபைக்காரி. பீர் விற்கிற இடத்துக்குள் பிள்ளைகளை விட்டதில்லை. அப்பா பாடி ஜானெல் பார்த்ததெல்லாம் வருஷத்துக்கொரு முறை மாவட்டச் சந்தையில்தான், அதுவும் தூரத்தில் வைக்கோல் கட்டுகளின்மேல் உட்கார்ந்து. கையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள். பாடுகிறவனின் காலை யார் பார்க்கிறார்கள்.

பக்கவாதம் வந்தபோது வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சு போயிற்று. விழுங்கவும் முடியவில்லை. வயிற்றில் டியூப் போடலாமா என்று டாக்டர் கேட்டார்.

"விட்டுடலாம்க்கா. பாவம் அவரு," என்றான் ரிக்கி.

"எழுவது வயசுல மேடையில குதிச்சவர்டா. எந்திரிப்பாரு."

அவள் மூத்தவள். அவள் சொன்னதுதான் நடந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கால். நல்லாயிருந்த இடது கால் படுக்கையிலிருந்து ஒரு சாண் உயரும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், விழும். உயர்த்தும்போதெல்லாம் அவர் அவள் முகத்தையே பார்ப்பார். பிடித்துவிட்டாள். தலையணை வைத்தாள். குளிர்கிறதோ என்று காலுறை போட்டாள், வேர்க்கிறதோ என்று கழற்றினாள். "என்னப்பா வேணும்? சொல்லுங்கப்பா," என்று அவள் கேட்கக் கேட்க கால் மறுபடி எழும்பியது. வலியாக இருக்கும் என்று நர்ஸ் மருந்தைக் கூட்டினாள். கைகளில் நரம்பு கிடைக்காமல் ஊசியை அந்தக் காலிலேயே குத்தியபோது, தூக்கித் தூக்கி அது பிடுங்கிக்கொண்டது. மெத்தென்ற பட்டையால் கட்டிலோடு கட்டிவிடலாமா என்று கேட்டார்கள். ஜானெல் தலையாட்டினாள். கட்டின பிறகும் பட்டை இழுபட்டுத் தளர்ந்து, மறுபடி இழுபட்டது. பிறகு நுரையீரலில் சளி கட்டி, ஒரு மத்தியானம் போய்விட்டார்.

லாமரின் கூடத்து வாசலில் ஏதோ முட்டும் சத்தம் கேட்டது. ஹோய்ட் புரூயிட் தன் ஆளுயர பேஸ் வாத்தியத்தை இடுப்பில் அணைத்து, கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாவோடு தொடக்கத்திலிருந்து வாசித்தவர். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கிட்டாரோடு யுஹானி வந்தான். அந்த ஐரோப்பியப் பையன்களில் ஒருவன், சேதி கேட்டுப் பின்லாந்திலிருந்து பறந்து வந்தவன். சாவுக்கும் தலையை எண்ணெய் வழிய வாரியிருந்தான்.

"வாங்க மாமா."

"ஆஸ்பத்திரிக்கு வரேன்னேன். நீதான் வேணாம்னுட்ட."

"அந்தக் கோலத்துல நீங்க பாக்கவேணாம்னுதான். எந்திரிச்சு உக்காந்ததும் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"சரி விடு கண்ணு." அவர் பேஸை மூலையில் நிறுத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து விரல்களில் வெள்ளை டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். கம்பியை இழுத்துப் பலகையில் அறைகிற வாசிப்பு அது. டேப் இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும். "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

"அந்தக் காலு ஒண்ணுதான் மாமா. இடது காலு. தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்தாரு. என்ன செஞ்சும் நிக்கல."

டேப் சுற்றிய கை நின்றது.

"எவ்ளோ தூக்குனான்?"

அவள் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒன்னப் பாத்துக்கிட்டா?"

"ஆமா. உங்களுக்கெப்படி..."

ஹோய்ட் யுஹானியைப் பார்த்தார், சவப்பெட்டியைப் பார்த்தார், டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வலின்னா டாக்டருக்குத்தான் தெரியும். நம்ம என்னத்தக் கண்டோம்."

"மாமா. சொல்லுங்க."

"கையில கிட்டாரு இருக்கும், வாயி மைக்குல இருக்கும்," என்றார் அவர் மெதுவாக. "பாட்ட முடிக்கணும்னா எங்ககிட்ட எப்படிச் சொல்லுவான்? இடது காலத் தூக்குவான். போதும்டா, இந்தச் சுத்தோட முடிச்சிடுங்கன்னு அர்த்தம். நாங்க அவன் மூஞ்சப் பாத்தே வாசிச்சதில்ல, ஷூவத்தான் பாப்போம்."

"நீங்க கவனிக்கலன்னா?"

"மறுபடி தூக்குவான். முடிக்கிற வரைக்கும் தூக்கிக்கிட்டே இருப்பான்."

அடுத்த அறையில் சபைப் பெண்கள் பன்றித்தொடைக் கறித் தட்டுகளை மேசையில் அடுக்கும் சத்தம் கேட்டது. ரிக்கி ஐஸ் மூட்டையோடு அவர்களைக் கடந்து போனான். ஜானெல் அவனைக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது. அவன் அதைத்தான் முதல் நாளே சொன்னான்.

"தசை சுண்டி இழுத்திருக்கும் கண்ணு. படுத்த படுக்கையா இருந்தா அப்படி இழுக்கும். எனக்கே இழுக்கும்," என்றார் ஹோய்ட். அவளுக்காகச் சொல்கிறார் என்று தெரிந்தது.

"ஆமா மாமா. இருக்கும்."

"ஒண்ணு மட்டும் செய்யி. முன்வரிசையில உக்காரு. 'குதிகால் தேய்ந்த சனிக்கிழமை'ய இவன் பாடிடுவான், வரியெல்லாம் எங்களவிட இவனுக்குத்தான் தெரியும். ஆனா அவன் காலத் தூக்காம நான் இந்தப் பாட்ட ஒரு நாளும் முடிச்சதில்ல. எனக்கு வராது. நீ தூக்கு, நாங்க நிறுத்திடுறோம்."

போதகர் ஜெபித்தார். கேஸ் வாங்கின வீட்டுக்காரர்கள் எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பெட்டியின் கீழ்மூடி சாத்தியிருந்தது. மேல்பாதியில் அப்பா, யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்கலாமா என்று யோசிப்பவர்போலக் கிடந்தார். யுஹானி தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டாரைத் தட்டினான். ஹோய்டின் கை கம்பிகளில் அறைந்தது.

ரெக்கார்டில் இரண்டு நிமிஷம்கூட ஓடாத பாட்டு. கூடத்தில் இருந்தவர்களுக்குத் தங்களை அறியாமல் தலை ஆடியது. இந்த மனுஷனா நம் கொல்லையில் குழாயோடு நின்றார் என்று சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யுஹானி வேற்று உச்சரிப்பில், ஒரு எழுத்து குறையாமல், கடைசி வரிக்கு வந்து சேர்ந்தான். ஹோய்ட் ஜானெலின் கறுப்பு ஷூவைப் பார்த்தார்.

அவள் அசையவில்லை. பாட்டு முதல் வரிக்குத் திரும்பியது.

மறுபடி கடைசி வரி வந்தது. ஹோய்ட் பார்த்தார். பாட்டு மறுபடி திரும்பியது. போதகர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டார். ஹோய்டின் விரலில் டேப் அவிழ்ந்து தொங்கியது, கம்பியில் சிவப்பாக ஏதோ பட்டிருந்தது. அவர் வேர்த்துக் கொட்டியபடி வாசித்துக்கொண்டே அவள் காலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நின்றார்.

"ஒன்னத்தான் பாக்குறாரு," என்று ரிக்கி அவள் காதருகில் குனிந்தான். "போதும்க்கா. பாவம் அவரு."

ஜானெல் இரண்டு பாதங்களையும் கம்பளத்தில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். யுஹானி மூச்சு வாங்கிக்கொண்டு முதல் வரியை எடுத்தான்.